சபையில் உட்கார்ந்திருந்தவர்கள்

பண்ருட்டி சாலையிலிருந்து கிளை பிரிந்து உள்ளே போகும் ஊர் அது. திரௌபதியம்மன் கோயில் திடலில், விடிகாலை நாலரை மணிக்குத் துரியோதனனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கிரீடத்தைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். புஜக்கட்டையைக் கட்டியிருந்த கயிறு தோளில் பள்ளமாகப் பதிந்து கிடந்தது. தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டு, கிழிந்த வேட்டித் துணியால் முகத்துச் சிவப்பு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, சக்கரை கம்மியா போடச் சொல்லு" என்றார். சர்க்கரை வியாதியாம். மாத்திரை போட்டுக்கொண்டுதான் ராத்திரி முழுக்க ஆடினாராம். பக்கத்தில் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று நின்றது. அதற்கு ஒரு பொறையை நீட்டினார். பாதி சிவந்தும் பாதி வெளுத்தும் இருந்த அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு ஆயாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

அந்தப் பிள்ளை சரியான ஆளைப் பார்த்துத்தான் பயந்ததா? கதையில் வரும் வில்லன்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. "அவனைப் போல ஆகாதே" என்பது பள்ளிக்கூடத்து விடை. அது தப்பில்லை, ஆனால் அதைச் சொல்ல ஒரு ராத்திரிக் கூத்து வேண்டாம், ஒரு வரி போதும். நம் பக்கத்துக் கூத்தும், புதுச்சேரியில் உட்கார்ந்து ஒருவர் எழுதிய காவியமும் விரலை வேறு பக்கம் நீட்டுகின்றன.

பழைய தென்னார்க்காடு ஜில்லாவும், அதன் நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் புதுச்சேரியும் பாரதக் கூத்துக்குச் சொந்தமான நிலம். 1993-ல் ஜில்லா கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் பிரிந்தது, கூத்து பிரியவில்லை. திரௌபதியம்மன் கோயிலை இங்கே தர்மராஜா கோயில் என்றும் சொல்வார்கள். ஊரின் வசதிக்கேற்பப் பத்து நாளோ பதினெட்டு நாளோ திருவிழா நடக்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரியில் ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடும், கடைசி நாள் படுகளமும் தீமிதியும். இதில் வில்லன் என்று நாம் நினைக்கும் ஆளுக்குக் கிடைக்கும் மரியாதையைக் கவனிக்க வேண்டும். துரியோதனன் கட்டை வேஷம். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த பெரிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் அவனுக்கு உண்டு. ஜமாவில் குரலும் தெம்பும் உள்ளவரைத்தான் அதற்குப் போடுவார்கள். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, சலங்கையை மட்டும் கேட்கவிட்டு, திரைக்கு மேல் கிரீடத்தின் நுனியைக் காட்டி, அவன் முழுசாக வெளியே வருவதற்குள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடலாம். கூத்தை நடத்திக்கொண்டு போகும் கட்டியக்காரன், "நீர் யார், எந்த ஊர், என்ன பெருமை?" என்று குடைவான். அவன் ஒவ்வொன்றாகச் சொல்வான். கெட்டவன் தன் நியாயத்தைத் தன் வாயாலேயே சொல்லி முடிக்கும்வரை கதை நகராது.

அந்த நியாயம் ஒன்றும் அந்நியமானதல்ல. மயன் கட்டிய மண்டபத்தில் தரையென்று நினைத்துத் தண்ணீரில் கால் வைத்தான், சிரித்தார்கள். அதுதான் விதை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த பிறகு, "இது மாப்பிள்ளை வீட்டாருக்கு" என்று எழுப்பிவிடப்பட்ட எவனுக்கும் அந்தச் சிரிப்பின் சத்தம் தெரியும். 2020-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ரெபேக்கா கிராஸும் டெரிக் ரக்கரும் இதை வேறு வழியில் தொட்டார்கள். தன்னைப்போன்ற குணமுள்ள வில்லனிடம் ஆட்கள் கூடுதலாக ஈர்க்கப்படுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. நிஜத்தில் நம்மைப்போலவே இருக்கும் ஒரு கெட்டவனைக் கண்டால் ஒதுங்குவோம், அவனோடு நம்மைச் சேர்த்துவிடுவார்களோ என்று கூசுவோம். கதை என்றால் அந்தக் கூச்சம் இல்லை. நமக்குள் இருக்கும் இருட்டை அடுத்த வீட்டுக்காரனுடையது போலப் பார்த்துக்கொள்ளலாம். துரியோதனனுக்கு டீ வாங்கித் தரும் என்னைப் போன்றவர்களுக்குப் பொருத்தமான ஆய்வுதான்.

ஆனாலும் அது வில்லனையும் என்னையும் மட்டும் எதிரெதிரே உட்காரவைத்துப் பார்க்கிறது. கதையில் அவன் தனியாக இருப்பதில்லையே. அவனைச் சுற்றி ஒரு சபை இருக்கிறது.

பாரதியார் 1908-ல் வெள்ளைக்காரன் கைக்குச் சிக்காமல் புதுச்சேரிக்கு வந்தார். 1918 வரை இங்கேதான் இருந்தார். அவர் குடியிருந்த வீடு இன்று நினைவகமாக நிற்கும் தெருவின் பெயர் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி. பாரதத்தைப் பாட வந்தவருக்குத் தர்மராஜா பெயரிலேயே தெரு வாய்த்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. பிரிட்டிஷ் ஒற்றர்கள் வாசலிலேயே காத்துக் கிடந்த அந்த வருஷங்களில் எழுதியதுதான் பாஞ்சாலி சபதம். முதல் பாகம் 1912-ல் வந்தது. முழுசாக அச்சேறியது 1924-ல். அப்போது அவர் இல்லை.

துச்சாதனன் பாஞ்சாலியின் கூந்தலைப் பிடித்து வீதி வழியே இழுத்து வருகிறான். அவனைத் திட்டுவதற்குப் பாரதியிடம் சொல் இல்லாமலா போகும்? ஆனால் அந்த இடத்தில் அவருடைய கோபம் வழியில் நின்ற ஊர்க்காரர்கள் மேல் பாய்கிறது. "என்ன கொடுமை இது" என்று பார்த்திருந்தார்களாம். "வீரமிலா நாய்கள்" என்கிறார். "நெட்டை மரங்களென நின்று புலம்பினார், பெட்டைப் புலம்பல் பிறர்க்குத் துணையாமோ?" என்று கேட்கிறார். (அந்தப் "பெட்டை" இன்று காதில் உரசுகிறது. அந்தக் காட்சியில் நியாயம் பேசுகிற ஒரே வாய் ஒரு பெண்ணுடையது என்பதால் இன்னும் கொஞ்சம் உரசுகிறது.) துச்சாதனனை அங்கே "நீசன்" என்கிறார், "விலங்கு" என்கிறார், அவ்வளவுதான். விலங்கோடு வாதாட முடியாது. வாதாட வேண்டியது மரமாக நின்றவர்களோடு.

சபைக்குள் போனால் இன்னும் மோசம். தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாட அவருக்கு ஏது உரிமை என்று அவள் கேட்கிறாள். சுத்தமான சட்டக் கேள்வி. பதில் சொல்ல எழுந்திருக்கிறவர் பீஷ்மர். கூடியிருந்தவர்களில் நல்லவர், படித்தவர், எல்லோருக்கும் மூத்தவர். பழைய காலத்தில் பெண்ணுக்கு ஆணோடு சமநிலை இருந்தது, பிற்காலத்துச் சாத்திரம் அதை மாற்றிவிட்டது, இன்றைய சாத்திரப்படி தருமன் செய்தது செல்லும் என்று விளக்குகிறார். இது அநியாயம் என்று தமக்கே தெரிவதையும் மறைக்கவில்லை. கடைசியில் "தீங்கு தடுக்கும் திறமிலேன்" என்று தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார். அதற்குப் பாஞ்சாலி சொல்லும் பதிலில் இராவணன் வருகிறான். சீதையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவன் மந்திரிகளையும் சாத்திரிமாரையும் கூட்டிச் சொன்னானாம். தக்கதுதான் செய்தீர், தருமத்துக்கு ஒத்ததுதான் என்று அவர்களும் மகிழ்ந்தார்களாம். "பேயரசு செய்தால் பிணந்தின்னும் சாத்திரங்கள்" என்ற வரி அங்கேதான் விழுகிறது. மேடைக்கு மேடை நாம் எடுத்து வீசும் வரி அது. பேயரசன் யார் என்று தேடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். வரியின் பாரம் சாத்திரங்கள் மேல் இருக்கிறது, சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் காட்டும் நல்ல மனிதர்கள் மேல்.

நூலின் முன்னுரையில் பாரதி ஒன்று சொல்கிறார். திருதராட்டிரனை உயர்ந்த குணமுள்ளவனாக, சூதில் விருப்பம் இல்லாதவனாகத்தான் காட்டியிருக்கிறாராம். அதாவது தகப்பனும் கெட்டவன் இல்லை, வேண்டாம் என்றுதான் சொன்னான், பிறகு விட்டுவிட்டான். கெட்ட குணமுள்ளவர்களை எண்ணினால் அந்தச் சபையில் துரியோதனன், துச்சாதனன், சகுனி என்று ஒரு கை விரலுக்குள் முடிந்துவிடும். மற்றவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நல்ல குணத்தால் கட்டுண்டு கிடந்தவர்கள். ஒருத்தருக்கு வாக்கு, ஒருத்தருக்குப் பாசம், ஒருத்தருக்கு ஆட்ட விதிக்குக் கீழ்ப்படிதல். எழுந்து இது நியாயமில்லை என்று சொன்னவன் விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. அவனை அடக்கியது கர்ணன்.

கர்ணன் என்றதும் நமக்கு நெஞ்சு இளகும். கூத்தில் கர்ண மோட்சம் ஆடும் ராத்திரி, அவன் மனைவி பொன்னுருவி அழும்போது கூட அழாத ஆளை நான் பார்த்ததில்லை. இங்கேதான் நம் வில்லன் கதைகளின் ஆழமான இடம் இருக்கிறதென்று நினைக்கிறேன். வில்லிபுத்தூரார் பாரதம் பாடியவர், திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர், நம்ம பக்கத்து ஆள். குந்தி வந்து, நீ என் மகன், பாண்டவர் பக்கம் வா என்கிறாள். கர்ணன் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறான். துரியோதனனுடைய மனைவியோடு இவன் தனியிடத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது அவளுடைய மேகலை அறுந்து மணி சிதறியது. அந்த நேரம் உள்ளே வந்த துரியோதனன் சந்தேகப்படவில்லை. "எடுக்கவோ கோக்கவோ?" என்று மட்டும் கேட்டான். அப்படிப்பட்டவனுக்காகப் போர்க்களம் போய்ச் "செஞ்சோற்றுக் கடன்" கழிப்பதுதான் எனக்குப் புகழும் கருமமும் தருமமும் என்று முடிக்கிறான்.

துரியோதனன் செய்த காரியத்திலேயே அழகானது இதுதான். ஆபத்தானதும் இதுதான். ஒருவன் கொடியவனாக மட்டும் இருந்தால் அவன் பின்னால் யாரும் போகமாட்டார்கள். யாருமே மதிக்காதபோது அவன் மதித்தான், அவமானப்பட்ட சமயத்தில் ஒரு நாடே கொடுத்தான், நம்பினான். அந்த நன்றிதான் பிறகு ஒரு பெண்ணைச் சபையில் நிறுத்தியபோது கர்ணனின் வாயை அவளுக்கு எதிராகத் திறந்தது. கம்பன் கும்பகர்ணனையும் இதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறான். நீ செய்தது தப்பு, சீதையை விட்டுவிடு என்று அண்ணன் முகத்துக்கு நேராகச் சொன்னவன் அவன். பிறகு வீடணன் வந்து கூப்பிடும்போது, நீர்மேல் கோலம் போன்ற வாழ்வை விரும்பி, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று சொல்லி வளர்த்த வீடுகளில் இதைக் கேட்டால் புல்லரிக்கும். எனக்கும் புல்லரிக்கிறது. அந்தப் புல்லரிப்பின்மேல்தான் எனக்குச் சந்தேகம். பொறாமையும் பேராசையும் கெட்டவை என்று நமக்கு ஏற்கனவே தெரியும். நன்றி கெட்டதாகப் போகும் நேரம் ஒன்று உண்டு என்பதை இந்த இரண்டு பேரைத் தவிர எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சினிமா வந்ததும் கணக்கு சுருங்கிவிட்டது. நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார், வீரப்பா சிரிப்பார். ஊரின் பாவமெல்லாம் அந்த ஒரு உடம்புக்குள் இருக்கும். கடைசி ரீலில் அந்த உடம்பு விழுந்தால் ஊர் சுத்தமாகிவிடும். அடியாட்களுக்குப் பெயர் கிடையாது. நிஜத்தில் நம்பியார் சுத்த சைவம், சபரிமலைக்குப் பல பேரை அழைத்துப் போன குருசாமி. ஆனாலும் அவரை எதிரில் கண்டால் நடுங்கிய தாய்மார்கள் உண்டென்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், வீரப்பாவின் பெயரைச் சொன்னதும் எல்லோர் வாயிலும் வரும் "சபாஷ், சரியான போட்டி" ஒரு கொடுமைக்காரனின் வசனமே இல்லை. 1958-ல் வந்த படத்தில் இரண்டு பெண்கள் போட்டி போட்டு ஆடுவதை உட்கார்ந்து ரசிக்கும் ஒரு பார்வையாளனின் வசனம் அது.

வில்லன் விழுந்ததும் கதை முடியாத ஊர் நம்முடையது. பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகை, சிவன் முப்புரம் எரித்த தலம். அந்த மூன்று அசுரர்களும் பிறகு என்ன ஆனார்கள்? இரண்டு பேரைக் கோயில் வாசலில் காவலுக்கு நிறுத்தி, மூன்றாமவனைத் தன் ஆட்டத்துக்கு முழவு வாசிக்கச் சொன்னார் என்று சுந்தரர் பாடுகிறார். சூரன் மயிலும் சேவலுமானான். படுகளத்தில் திடலை அடைத்துக்கொண்டு கிடக்கும் மண் துரியோதனனின் தொடையைப் பீமன் பிளந்த பிறகு, சில ஊர்களில் அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய் வீட்டிலும் வயலிலும் போடுகிறார்கள். தூக்கி எறிவதற்கல்ல, கிட்டத்தில் வைத்துக்கொள்வதற்குத்தான் அவன்.

வில்லன் என்ற பட்டத்தைத் தருவது யார் என்ற கேள்வியும் புதுச்சேரியிலிருந்துதான் ஓங்கி ஒலித்தது. இங்கே பிறந்து இங்கேயே வாத்தியாராக இருந்த பாரதிதாசன், இரணியனை இணையற்ற வீரனாக்கி ஒரு நாடகம் எழுதினார். 1934-ல் பெரியார் முன்னிலையில் அது மேடையேறியது. தோற்றவன் கதையை ஜெயித்தவன் எழுதினால் தோற்றவனுக்குக் கோரைப்பல் முளைக்கும் என்பது அதன் உள்ளர்த்தம். அதற்கு இங்கே சரித்திரச் சாட்சியும் உண்டு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இங்கிலீஷ்காரனின் புனித டேவிட் கோட்டை, கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுக்காரனின் புதுச்சேரி. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கடலூர்க் கோட்டையைப் பிடித்து இடித்தான். 1761-ல் இங்கிலீஷ்காரன் புதுச்சேரியைப் பிடித்து நகரத்தையே இடித்தான். எந்தப் பக்கத்து டீக்கடையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து வில்லன் மாறியிருப்பான். லாலியைப் பிறகு அவன் நாட்டுக்காரர்களே துரோகி என்று 1766-ல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். ஒரு தோல்விக்கு ஒரு கழுத்து போதும் என்று எல்லா நாட்டிலும் நினைக்கிறார்கள் போல.

பாரதிதாசன் செய்தது அன்றைக்குத் தேவையான காரியம். ஆனால் பட்டத்தை ஒரு தலையிலிருந்து எடுத்து இன்னொரு தலையில் வைத்தாலும், வேடிக்கை பார்த்தவன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அந்த ஆளைப் பற்றித்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மாதாந்திரக் கூட்டம். பதினோரு பேர். கணக்கில் ஏதோ பிசகு என்று எங்கள் மேலாளர் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை நிற்கவைத்துப் பேசினார். கணக்கைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு அவள் குடும்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பிசகு அவளுடையதல்ல என்பது எங்களில் நாலு பேருக்காவது தெரியும். எனக்கு முன்னால் இருந்த தட்டில் ஏழு பிஸ்கட் இருந்தது. இன்றைக்கும் எண்ணிச் சொல்வேன், ஏனென்றால் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் எங்களில் மூத்தவர் ஒருவர், "கேக்கறதுக்கு அவருக்கு பவர் இருக்குப்பா, ரூல்ல இடம் இருக்கு" என்றார். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். நான் ஏன் பேசவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. என் அப்பாவின் ஆபரேஷன் சமயத்தில் முன்பணம் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பத்தில், ஒரு கேள்வி கேட்காமல், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அந்த மேலாளர். அந்தப் பெண் அடுத்த மாதம் வேலைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு, துகிலுரியும் கூத்து ஆடும் ராத்திரியில் நான் திரௌபதை வேஷக்காரரையும் துச்சாதனனையும் பார்ப்பது குறைந்துவிட்டது. சேலையில் கை வைப்பதற்கு முன் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார், தாயே மன்னித்துக்கொள் என்பார். அவருக்கு அந்தப் பயம் இருக்கிறது. ஜமாவில் இருப்பதே பதினைந்து பேருக்குள். பீஷ்மருக்கும் துரோணருக்கும் தனித்தனியாக வேஷம் போட ஆள் கிடையாது. அதனால் கட்டியக்காரன் "சபையோர்களே" என்று கூப்பிடும்போது பாயும் தலையணையுமாகத் திடலில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறான். அஸ்தினாபுரத்துச் சபை நாங்கள்தான். நிலக்கடலை உரித்துக்கொண்டிருக்கும் சபை.

அன்று டீ வாங்கிக் கொடுத்த ராத்திரியும் அதுதான் நடந்தது. சேலையின் முனையைப் பிடித்ததும் முகவீணை உச்சத்துக்குப் போனது. பெண்கள் பக்கத்திலிருந்து நாற்பது வயது இருக்கும் ஒருத்தி, கூந்தல் அவிழ, "விடுடா" என்று கத்திக்கொண்டு எழுந்து துச்சாதனனை நோக்கி ஓடினாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அம்மன் வந்துவிட்டது என்றார்கள். பூசாரி ஓடிவந்தார். நாலைந்து ஆம்பளைகள் குறுக்கே கை கோத்து நின்றார்கள், நானும் ஒருவன். மஞ்சள் தண்ணீர் தெளித்து, நெற்றியில் விபூதி வைத்து, மூன்று பேரையும் பழைய இடத்திலேயே உட்காரவைத்தோம். ஆர்மோனியக்காரர் விட்ட அடியிலிருந்து பாட்டை எடுத்தார்.